ஏழாம் பலகை

மழைக்காலம் வந்தால் கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுச் சமையலறையில் ஒரு பலகை மணக்கும். மசாலாப் போத்தல்களை அடுக்கிவைத்திருக்கும் பலகை அது. வாசனை போத்தல்களிலிருந்துதான் வருகிறது என்று மருமகன் வெகுகாலம் நினைத்திருந்தார். போன ஐப்பசியில் போத்தல்களையெல்லாம் இறக்கிவிட்டுப் பலகையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குந்திய பேத்தி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டாள்.

"அம்மாயி, இதுல ஏன் ஏழுன்னு எழுதியிருக்கு?"

பச்சைப் பெயின்ட்டில் பெரிதாக எழுதிய 7. அதற்கு மேலே விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. ஒரு ஓரம் கருகிப்போயிருக்கும். பிள்ளை மூக்கை வைத்து முகர்ந்து பார்த்து, "கராம்பு" என்றாள்.

அது ஒரு கடையின் கதவு என்றேன். இத்துணூண்டு பலகை எப்படிக் கதவாகும் என்று அவளுக்கு விளங்கவில்லை. இழுத்துவிடுகிற இரும்புக் கதவைத் தவிர வேறு கடைக்கதவை அவள் கண்டதில்லை. அன்று மத்தியானம் முழுக்க அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாத்தளை பிரதான வீதியில் ஒரு பலசரக்கு வாணிபக் கடையில் அப்பா கணக்கப்பிள்ளை. கீழே கடை, மேல்மாடியில் நாங்கள். கடை வாசலுக்குப் பதினான்கு பலகைகள். மேலே ஒரு மரச்சட்டம், கீழே வாசற்படியில் வெட்டிய காடி. இரவு எட்டு மணிக்கு அப்பா கல்லாப்பெட்டியைப் பூட்டியதும் நானும் தம்பியும் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்போம். மேல் சட்டத்துக்குள் ஏற்றி, கீழ்க்காடியில் இறக்கி, ஓரமாகத் தள்ளவேண்டும். வரிசை மாறினால் கடைசிப் பலகை இறங்காது. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னமே எனக்குப் பதினான்கு வரைக்கும் எண் தெரிந்திருந்தது அப்படித்தான். ஏழாவது நடுப்பலகை. ராத்திரியில் யாராவது வந்து தட்டினால் அதிலிருக்கிற துளையால்தான் அப்பா வெளியே பார்ப்பார்.

கண்டியிலிருந்து 26 கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது மாத்தளை. 1880இல் போட்ட ரயில்பாதை எங்கள் ஊரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் தண்டவாளம் கிடையாது. ரத்தோட்டை, எல்கடுவை, உக்குவளை, பலாப்பத்வளைப் பக்கமெல்லாம் விளைகிற மிளகு, சாதிக்காய், கராம்பு, கொக்கோ எல்லாம் லொறியிலும் பஸ் கூரையிலும் தலைச்சுமையிலும் டவுனுக்கு வந்துதான் விலையாகும். பிரதான வீதியும் திருகோணமலை வீதியும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிற இரண்டு தெருக்கள். இரண்டையும் இணைத்துக் குறுக்குத் தெருக்கள். அந்தச் சின்ன வட்டத்துக்குள் கடை, பள்ளிவாசல், கோயில், பேக்கரி, மருந்துக்கடை, தையற்கடை என்று எல்லாமே அடங்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலேயும் பின்னாலேயும் குடும்பங்கள் இருந்தன.

மார்கழி தை மாதங்களில் கராம்பு வரத் தொடங்கும். மொட்டு பச்சை மாறிச் சிவக்கிற நேரம் பார்த்து, பூ விரியுமுன் பறிக்கவேண்டும். கொத்தாக வருவதைக் காம்பு ஆய்ந்து சாக்கில் பரப்பி நாலைந்து நாள் வெயிலில் போட்டால் கருஞ்சிவப்பாகக் காய்ந்து வரும். மூன்று இறாத்தல் பச்சைக் கராம்பு காய்ந்தால் ஏறத்தாழ ஒரு இறாத்தல்தான் தேறும். காய்ந்ததைக் கையில் எடுத்து அப்பா முறிப்பார். 'டக்' என்று முறிந்தால் சரி. வளைந்தால் ஈரம். தலையிலிருக்கும் குண்டு உதிராமல் இருக்கிறதா என்று பார்த்து விலை சொல்வார். இடம் போதாமல் எங்கள் மொட்டைமாடியிலும் காயப்போடுவார்கள். மழை இருட்டினால் தெருவே கத்தும். யாருடைய கராம்பு என்று பார்க்காமல் கிடைத்த சாக்கை இழுத்து உள்ளே போடுவோம். பள்ளிக்கூடத்தில் என் புத்தகங்கள் மணக்கிறதென்று பக்கத்துப் பிள்ளைகள் வாங்கி முகர்ந்து பார்ப்பார்கள்.

டவுன் நடுவில் குடியிருந்தால் தூக்கம் வராதே என்று தோட்டத்திலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் கேட்பார்கள். எங்களுக்குச் சத்தமில்லாத இடத்தில்தான் தூக்கம் வராது. விடியுமுன் பள்ளிவாசல் பாங்கு. பிறகு பன்சலையிலிருந்து பிரித். அம்மன் கோயில் மணி. ஸ்டேசனில் முதல் கோச்சி கூவும். பேக்கரியில் தட்டு இழுக்கிற சத்தம். கீழே ரொட்டிக்கடை நானா மாவை அடித்து வீசத் தொடங்கிவிடுவார். சுவர்க்கடிகாரம் இல்லாத வீட்டில் அப்பாயி இந்தச் சத்தங்களை வைத்தே நேரம் சொல்லுவா. "நானா மாவு அடிச்சிட்டாரு, எந்திரிங்கடி."

எதிர்வரிசையில் மணிக்கூடு திருத்துகிற சிங்கள மாத்தயா. கண்ணில் ஒரு கறுப்புக் குழாயை மாட்டிக்கொண்டு குனிந்தே இருப்பார். என்னைத் 'துவ', மகளே, என்று கூப்பிடுவார். தமிழும் சிங்களமும் எங்களுக்கு யாரும் படிப்பித்துத் தந்ததில்லை. தெருவில் விளையாடும்போது யார் பந்தை வைத்திருக்கிறாரோ அவருடைய பாஷையில் பேசுவோம். நோன்பு காலத்தில் நானா வீட்டிலிருந்து கஞ்சி வரும். வெசாக்கில் மாத்தயாவின் பிள்ளைகளோடு உட்கார்ந்து மூங்கில் சீவிக் கூடு கட்டுவோம். பொங்கல் அன்று இரண்டு வீட்டுக்கும் நான்தான் வாழையிலை போட்டு மூடிய தட்டோடு போய்வருவேன். யாரும் வெறும் தட்டாகத் திருப்பித் தந்ததில்லை. சீனியாவது ஒரு பிடி இருக்கும்.

அந்த வாழ்க்கையில் எனக்கு இப்போதும் மனம் கூசுகிற ஒன்று உண்டு. வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து போகும். வாளிக் கக்கூசு இருந்த காலம். விடியுமுன் நகரசபைத் தொழிலாளிகள் அந்தச் சந்தால் வந்து வாளிகளை எடுத்துப் போவார்கள். அவர்களும் எங்களைப்போலத் தமிழர்தான். ஊரைச் சுத்தமாக வைத்திருந்தவர்கள் அவர்கள். தண்ணீர் கேட்டால் அம்மா சிரட்டையில் ஊற்றுவா. நாங்கள் குடிக்கிற கோப்பையில் ஒருநாளும் கொடுத்ததில்லை. இரண்டு பாஷை பேசி எல்லா வீட்டுச் சோற்றையும் உண்ட அந்தத் தெருவில், அந்தச் சிரட்டை ஏன் என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை. அது எங்கள் பிழை.

எழுபதுகளின் நடுவில் பாணுக்கு வரிசை வந்தது. பேக்கரி திறக்குமுன்பே போய் நிற்கவேண்டும். பிள்ளைகள் கல்லை வைத்து இடம் பிடித்துவிட்டு நானாவின் அடுப்பு ஓரம் போய்க் குளிர்காய்வோம். எந்தக் கல் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் நகர்த்தமாட்டார்கள். ஆனால் அந்த வருஷங்களைப் பற்றி நினைத்தால் வரிசையைவிட கடை வாசல்கள்தான் கண்ணுக்கு முன்னால் வரும். தோட்டங்களில் வேலை குறைந்து, அரிசி மாவு குறைந்து, பட்டினி தாங்காமல் குடும்பம் குடும்பமாக டவுனுக்கு இறங்கி வந்தார்கள். இரவில் பலகை போட்ட பிறகு எங்கள் கடைத் திண்ணையில் படுப்பார்கள். ஏழாம் பலகைத் துளையால் நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். மலைக்குளிரில் ஒரு கம்பளிக்குள் நாலு பேர். காலையில் அம்மா கஞ்சி காய்ச்சி இறக்குவா. சில காலைகளில் ஒருவர் எழும்பமாட்டார்.

அதே காலத்தில்தான் இன்னொரு கூட்டமும் கடைக்கு வரும். 'பயணம்' போகிறவர்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளியினரில் 525,000 பேர் இந்தியாவுக்குப் போகவேண்டும் என்று முடிவாயிற்று. பெயர் வந்தவர்கள் சாமான் சட்டியை விற்றுவிட்டு, கையில் கிடைத்த காசுக்குக் கராம்பும் சாதிக்காயும் வாங்கிப் போவார்கள். அங்கே கொண்டுபோனால் நாலு காசுக்கு விற்கலாம் என்று நம்பிக்கை. என்னோடு படித்த பிள்ளை ஒருத்தி தன் பாட்டியோடு வந்தாள். அந்தப் பாட்டி வாங்கிய கராம்பை எங்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து தலையணைக்குள் இலவம்பஞ்சோடு கலந்து வைத்துத் தைத்தார். அந்தப் பிள்ளை எனக்கு ஒரு ரிப்பனைக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் என்ன கொடுப்பதென்று தெரியாமல் ஒரு பிடி கராம்பை அள்ளி அவள் சட்டைப் பையில் போட்டேன்.

அவர்கள் புறப்பட்ட அன்று ஸ்டேசனில் அழாதவர் யாருமில்லை. மலையகத்தில் அந்தக் கோச்சிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர். தலைமன்னார் வரைக்கும் கோச்சி, அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். அப்பாயி வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, தன் பாட்டி மன்னார்க் கரையில் இறங்கிக் கங்காணிக்குப் பின்னால் காட்டு வழியே நடந்து வந்த கதையைச் சொன்னா. கோப்பிக் காலத்தில் அப்படித்தான் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக வருகிற அந்த நடைபாதை மலையைத் தொடுகிற இடம் மாத்தளை. வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. பிழைத்து வந்து சேர்ந்தவர்கள் கும்பிட்டது அம்மனைத்தான். மரத்தடியில் வைத்துக் கும்பிட்ட சிறு உருவத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்று 108 அடி இராஜகோபுரத்தோடு நிற்கிற முத்துமாரியம்மன் கோயில்.

மாசி மகத் தேர் என்றால் எங்கள் வீட்டுக்கு மட்டும் முப்பது பேர் வருவார்கள். தோட்டத்துச் சொந்தம் எல்லாம் முதல் நாளே வந்து மேல்மாடியில் பாய் விரித்துவிடும். தெருவைப் பார்த்த இரண்டு ஜன்னல்கள் எங்களுக்கு. அந்த நாளில் அந்த ஜன்னல்களுக்கு இருந்த மதிப்பு கச்சேரி உத்தியோகத்துக்குக்கூட இருந்திருக்காது. கடை வாசலில் நிறைகுடம் வைத்து, விடிய விடியக் கோலம் போட்டு, சிதறு தேங்காய்க்குச் சாக்குச் சாக்காகத் தேங்காய் குவித்து வைப்போம். பஞ்சரதம், ஐந்து தேர், ஒன்றன்பின் ஒன்றாக வரும். உச்சியிலிருக்கிற கலசம் எங்கள் ஜன்னலைத் தாண்டி மேலே போகும். பிரதான வீதியின் அந்த ஒடுக்கத்தில் வடம் இழுக்கிறவர்கள் சுவரோடு சுவராக உரசிக்கொண்டு வருவார்கள். மாத்தயா தன் கடைக்கு முன்னாலும் வாளியில் மஞ்சள் தண்ணீர் வைத்திருப்பார். நானா வடம் பிடித்துக் களைத்து வருகிறவர்களுக்கு நன்னாரிச் சர்பத் கரைத்து ஊற்றுவார். அது கராம்புக் காலத்தின் கடைசி. சாம்பிராணியும் கற்பூரமும் கராம்பும் சேர்ந்த அந்த மணத்தை வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை.

ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு எழுதியவர்கள் எங்கள் ஊரில் பலர். மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை வடிவேலன், மாத்தளை சோமு. அவர்கள் எழுத்தைப் பத்திரிகையில் பார்த்தால் அப்பா கத்தரித்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வைப்பார். எங்கள் தெரு அச்சில் வருகிறது என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

ஒரு ராத்திரி நடந்ததை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். அப்பாயிக்கு வயது போனபிறகு தூக்கம் இல்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே தெருவைப் பார்த்திருப்பா. இரவு இரண்டு மணி இருக்கும். "அடியே, அந்தக் கொப்பரைக் கடைல பொகையுதுடி" என்று சத்தம் போட்டா. அப்பா ஜன்னலால் எட்டிக் கத்தினார். எதிர் ஜன்னல் திறந்தது. பக்கத்து ஜன்னல் திறந்தது. பத்து நிமிஷத்துக்குள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவே இறங்கிவிட்டது. பைப்படியிலிருந்து கைக்குக் கை வாளி மாறியது. கொப்பரையில் தீ ஏறியிருந்தால் அந்த வரிசை முழுவதும் போயிருக்கும். விடிந்ததும் நானா எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. கடைக்காரர் ஊரில் இல்லை, கண்டிக்குப் போயிருந்தார். இரண்டாவது நாள் வந்து அப்பாயியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அப்பாயிக்கு வெட்கம் வந்துவிட்டது. "நான் சும்மாதானே ஒக்காந்திருந்தேன்" என்றா.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் வைத்த தீ வேறு. அது ஜன்னல்கள் திறந்திருந்தும் அணையாத தீ. அப்பாயி அப்போது இல்லை. பகலிலேயே கூட்டம் வந்தது. எந்தக் கடை யாருடையது என்று பார்த்துப் பார்த்துக் கொளுத்தினார்கள். நாங்கள் பின்சந்தால் ஓடி ரொட்டிக்கடைப் பின்கதவைத் தட்டினோம். நானாவின் மனைவி கதவைத் திறந்து ஒன்றும் கேட்காமல் மாவு மூட்டை அறைக்குள் எங்களைத் தள்ளிப் பூட்டினா. அங்கே மூன்று இரவு. தம்பி இருமினால் அம்மா சேலைத் தலைப்பால் அவன் வாயைப் பொத்துவா. கராம்பும் சாதிக்காயும் மிளகும் மூட்டை மூட்டையாக எரிகிற மணம் சுவரைத் தாண்டி வந்தது. அந்த மணத்தில் கண் எரியும். கோயிலுக்கும் தீ வைத்துவிட்டார்கள் என்று நானா வந்து சொன்னபோது அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். மாத்தயா சந்து முனையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் இந்தப் பக்கம் தமிழர் யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். இரண்டு வீட்டுக்காரரும் எங்களுக்கு உயிரைக் கொடுத்தவர்கள். அவர்கள் அங்கே குடியிருந்ததால்தான் கொடுக்க முடிந்தது. கடையைப் பூட்டிவிட்டு வேறெங்கோ போய்த் தூங்குகிறவர்களாக இருந்திருந்தால் அந்தப் பின்கதவை யார் திறந்திருப்பார்?

வெளியே வந்தபோது எங்கள் தலை, புருவமெல்லாம் மாவு. கடையில் சுவர் மட்டும் நின்றது. பதினான்கு பலகைகளில் ஏழாவது மட்டும் தெருவில் விழுந்து ஓரம் கருகிக் கிடந்தது. அப்பா அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு நாங்கள் இருந்த ஒவ்வொரு வீட்டிலும் அது இருந்தது. எனக்குக் கல்யாணமாகிக் கொழும்புக்கு வந்தபோது, "இத நீ வச்சிக்க" என்று கொடுத்தார். வேறு சீதனம் கொடுக்க அவரிடம் இருக்கவில்லை.

கடையைப் பிறகு கொங்கிரீட்டில் கட்டினார்கள். வீதி மறுபடி எழும்பியது, தேரும் ஓடுகிறது, கோயில் முன்னைவிடப் பெரிதாக நிற்கிறது. ஊர்க்காரர்கள் மனம் தளரவில்லை என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் கட்டின கட்டடங்களில் அநேகமாக யாரும் வீடு வைத்துக் கட்டவில்லை. பயம் ஒரு காரணம். தீ வைத்தால் கடை மட்டும் போகட்டும், பிள்ளைகள் தப்பட்டும் என்று நினைத்தார்கள். அதில் பிழை காண எனக்கு வாய் வராது. பிறகு வாடகை ஏறியது. குடும்பத்துக்குக் கொடுப்பதைவிட நிதிக் கம்பனிக்கும் ஸ்டோருக்கும் கொடுத்தால் நாலு மடங்கு. குடும்பங்கள் ஊரோரத்துக்குப் போய்விட்டன. நானாவின் பிள்ளைகளும் மாத்தயாவின் பிள்ளைகளும்கூட இப்போது அங்கே இல்லை.

2023 ஆகஸ்ட் மாதம் நான் மாத்தளைக்குப் போனேன். மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருஷமானதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து புறப்பட்டுப் பதினைந்து நாளுக்கு மேல் நடந்து வந்தவர்கள் அன்று மாத்தளையை அடைந்தார்கள். அப்பாயியின் பாட்டி நடந்த பாதை. கால் வீங்கிப்போன ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தேன். அவளுக்கு என் பெயர் தெரியாது, எனக்கு அவள் பெயர் தெரியாது.

இரவு தங்கிய இடத்திலிருந்து எட்டரை மணிக்குப் பிரதான வீதிக்கு நடந்து போனேன். பலகை போடும் நேரத்தில் அந்தத் தெருவைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. எல்லாக் கதவும் இழுத்துப் பூட்டியிருந்தது. போன் கடை விளம்பரப் பலகைகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு முனையிலிருந்து நடந்தேன். எங்கள் இரண்டு ஜன்னல் இருந்த இடத்தில் கண்ணாடி. உள்ளே இருட்டில் அட்டைப்பெட்டிகள். தெரு முடியப்போகிற இடத்தில் ஒரே ஒரு மேல்மாடி ஜன்னலில் வெளிச்சம். கம்பியில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை காய்ந்தது. ஒரு அம்மா யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தா. அந்த ஜன்னலுக்குக் கீழே கனநேரம் நின்றேன்.

மாத்தளை டவுனில் கடை கட்டுகிற முதலாளிமாரிடம் ஒன்று கேட்கிறேன். கட்டடம் எழுப்பும்போது மேல்மாடியில் ஒரு குடும்பத்துக்காவது இடம் விடுங்கள். வாடகை குறையும், அது எனக்குத் தெரியும். தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல் வையுங்கள். தூக்கம் வராத ஒரு கிழவி அதில் உட்கார்ந்திருக்கட்டும்.